சுருட்டும் பட்டன்: இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

லினக்ஸ் கணினிகளுக்கான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை அதன் இயல்பான அமைப்பிலேயே நிறுவினால், ஒவ்வொரு விண்டோவின் டைட்டில் பாரிலும் வலது பக்கம் நான்கு பட்டன்கள் வரும். மூடுவது, பெரிதாக்குவது, மறைப்பது, இந்த மூன்றும் எல்லாருக்கும் பழக்கம். அவற்றுக்கு இடப்பக்கம் ஓரமாக நிற்கிற நான்காவது ஆள்தான் ஷேட் பட்டன். அதை அழுத்தினால் விண்டோ பாய் சுருட்டுவதுபோல் மேலே சுருண்டு, டைட்டில் பார் மட்டும் மிஞ்சும். இன்னொரு முறை அழுத்தினால் பழைய அளவுக்கே விரியும். வேலை அவ்வளவுதான். இதை யார் பயன்படுத்துகிறார்கள், எடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. லினக்ஸைத் தொகுத்துத் தருகிற டிஸ்ட்ரோக்கள் பலவும் எக்ஸ்எஃப்சிஇ-யைத் தரும்போது இந்தப் பட்டனை முன்பே கழற்றிவிட்டுத்தான் தருகின்றன. எனவே இந்த விமர்சனம் முழு டெஸ்க்டாப்பைப் பற்றியது இல்லை, விண்டோக்களுக்கு டைட்டில் பாரோடு சேர்ந்த சட்டகத்தைப் போடுகிற அதன் விண்டோ மேனேஜரில் உள்ள இந்த ஒரு சின்ன வசதியைப் பற்றி மட்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டும் வசதி இருந்தே ஆக வேண்டும். பட்டன் பெரும்பாலான விண்டோக்களுக்குத் தேவையில்லை, ஆனால் ஒரு வகை விண்டோவுக்கு மட்டும் கட்டாயம் தேவை. உண்மையில் தூக்க வேண்டியது பட்டனையே இல்லை, டைட்டில் பார் மேல் மவுஸ் வீலை உருட்டினால் விண்டோ சுருளும் என்று இயல்பாகவே போட்டு வைத்திருக்கிறார்களே, அதைத்தான்.

மினிமைஸ் இருக்கும்போது இது எதற்கு என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. நியாயமான கேள்வி. மினிமைஸ் செய்தால் விண்டோ இருந்த இடத்தை விட்டே போய்விடுகிறது, டாஸ்க்பாரில் ஒரு கட்டமாக மாறிவிடுகிறது, திரும்ப வேண்டுமென்றால் கண்ணையும் கையையும் திரையின் இன்னொரு மூலைக்குக் கொண்டுபோய், ஒரே செயலியில் ஐந்தாறு விண்டோ திறந்திருந்தால் அதில் எது நம்முடையது என்று தேடிப்பிடித்து, அழுத்தி, பிறகு மறுபடியும் பழைய இடத்துக்குப் பார்வையைக் கொண்டுவர வேண்டும். சுருட்டினால் அப்படி இல்லை. விண்டோ அங்கேயே இருக்கிறது, பாயிண்டரும் அதே பட்டன் மேலேயே இருக்கிறது, பின்னால் இருப்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு விரலை இன்னொரு தடவை அழுத்தினால் போதும். கை நகரவே இல்லை. மினிமைஸ் என்பது ஒரு வேலையை ஒதுக்கி வைப்பது. சுருட்டுவது வேலையின் நடுவிலேயே எட்டிப் பார்ப்பது. இரண்டும் வேறு வேறு தேவைகள், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டனாக வைத்ததால் ஒன்று மற்றதன் நகல் மாதிரித் தெரிகிறது.

ஆனால் பெரிய விண்டோக்களுக்கு இந்த வாதம் அவ்வளவாக எடுபடாது என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு ஆவணங்களை ஒப்பிட வேண்டுமா, ஒன்றை இழுத்து இடது ஓரத்தில் மோதினால் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும், இன்னொன்றை வலது ஓரத்தில் மோதிவிடலாம், முடிந்தது. முற்றிலும் வேறு வேலை என்றால் ஒர்க்ஸ்பேஸ் எனப்படும் இன்னொரு மெய்நிகர் திரைக்கு அனுப்பிவிடலாம். இன்றைய அகலத் திரைகளில் இதெல்லாம் சுருட்டி விரித்து சுருட்டி விரித்து வேலை பார்ப்பதைவிட நல்ல வழிகள். ஷேட் பட்டனுக்காக வாதாடுகிறவர்கள் இந்த ஒப்பிடும் உதாரணத்தையே எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அதுதான் அவர்கள் பக்கத்தின் பலவீனமான உதாரணம்.

பலமான உதாரணம் டயலாக்தான். ஒரு செயலியில் ஏதோ செய்கிறோம், குறுக்கே ஒரு பெட்டி வந்து நின்று கேள்வி கேட்கிறது: எந்தப் பெயரில் சேமிக்க வேண்டும், எத்தனை பக்கம் அச்சிட வேண்டும், எந்த மதிப்பைப் போட வேண்டும். பதில் என்னவென்று பார்க்க வேண்டிய இடமோ அந்தப் பெட்டிக்கு நேர் பின்னால் இருக்கிறது! பெட்டிக்குப் பதில் சொல்லாமல் பின்னால் இருக்கிற விண்டோவைத் தொட முடியாது, பெட்டியை மூடினால் அதுவரை நிரப்பியதெல்லாம் போய்விடும். மறைக்கலாம் என்றால், இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு மினிமைஸ் பட்டனே பெரும்பாலும் வருவதில்லை, ஏனென்றால் அவை டாஸ்க்பாரில் தனியாக இடம்பெறாதவை, மறைத்துவிட்டால் திரும்ப அழைக்க வழியே இருக்காது. பெரிதாக்கும் பட்டனும் இருக்காது. மிஞ்சுவது இரண்டுதான்: மூடு, சுருட்டு. அந்த நேரத்தில் ஷேட் பட்டனை அழுத்துங்கள், பெட்டி ஒரு கீற்றாகச் சுருங்கும், பின்னால் இருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள், திரும்ப விரித்து நிரப்புங்கள். எட்டிப் பார்க்கும் வேலைக்காகவே அளவெடுத்துத் தைத்த வசதி இது, அந்த இடத்தில் அதற்கு ஈடாக வேறு பட்டன் கிடையாது.

பெட்டியை நகர்த்திவிட்டால் போதாதா? போதும், திரை பெரிதாக இருந்தால். 1366க்கு 768 அளவுள்ள பழைய லேப்டாப் திரையில் இன்னும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், எக்ஸ்எஃப்சிஇ-யைத் தேடி வருகிறவர்களில் பழைய கணினிக்கு உயிர் கொடுக்க வருகிறவர்கள் கணிசம். அந்தத் திரையில் அச்சிடும் பெட்டி ஒன்று திறந்தால் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்கிறது. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் எதையாவது மறைக்கும், இல்லாவிட்டால் அதன் சரி என்கிற பட்டன் திரைக்கு வெளியே போய்விடும், பிறகு ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். இந்த வேலையெல்லாம் ஒரே அழுத்தில் மிச்சமாகிறது. நான் இந்த வசதியை உருப்படியாகப் பயன்படுத்துவது கிட்டத்தட்ட முழுக்க டயலாக்குகளில்தான். மற்ற விண்டோக்களில் அந்தப் பட்டன் இருப்பதே நினைவுக்கு வருவதில்லை.

வேறு பயன்களும் சொல்வார்கள். பாட்டுப் போடும் செயலியைச் சுருட்டி ஒரு மூலையில் வைத்தால், ஓடுகிற பாட்டின் பெயர் டைட்டிலில் தெரியும். டெர்மினலில் நீண்ட வேலை ஓடும்போது அதையும் அப்படி வைக்கலாம். சரி, அழகுதான். டாஸ்க்பாரிலும் அதே டைட்டில்தான் தெரிகிறது என்பதால் இதை நான் பெரிய காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி வீலுக்கு வருவோம். எக்ஸ்எஃப்சிஇ-யில் டைட்டில் பார் மேல் பாயிண்டரை வைத்து வீலை மேலே உருட்டினால் விண்டோ சுருளும், கீழே உருட்டினால் விரியும். இது இயல்பாகவே செயலில் இருக்கிறது, யாரும் இயக்க வேண்டியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, சுருட்டுவதற்கும் உருட்டுவதற்கும் பொருத்தம்கூட இருக்கிறது, பழகிய கைக்கு இது பட்டனைவிட வேகம், ஏனென்றால் டைட்டில் பார் முழுவதும் இலக்கு, குறிபார்த்து அழுத்த வேண்டியதில்லை. இதற்காகவே எக்ஸ்எஃப்சிஇ-யை விட்டுப் போகாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை, இது கேட்காமலே எல்லாருக்கும் கிடைப்பதோடுதான்.

என்ன நடக்கிறதென்றால், ஒருவர் நீளமான பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார், பாயிண்டர் எங்கோ மேலே இருக்கிறது, அவர் கண் எழுத்தில் இருக்கிறதே தவிர பாயிண்டரில் இல்லை. தொடக்கத்துக்குத் திரும்ப வீலை மேலே உருட்டுகிறார். பாயிண்டர் இரண்டு விரல்கடை மேலே டைட்டில் பாரில் இருந்தது அவருக்குத் தெரியாது. படித்துக்கொண்டிருந்த பக்கம் அப்படியே காணாமல் போகிறது! மினிமைஸ் ஆனதா என்று டாஸ்க்பாரைப் பார்த்தால் அங்கே விண்டோ திறந்திருப்பதாகத்தான் காட்டுகிறது. திரையில் ஒரு பட்டை மட்டும் நிற்கிறது. கிளிக் செய்து பார்க்கிறார், டைட்டில் பார்தான் தேர்வாகிறது, ஒன்றும் விரியவில்லை. செயலி செத்துவிட்டது என்று முடிவு கட்டி மூடும் பட்டனை அழுத்துகிறார். புதிதாக வந்தவருக்கு இது வெறும் எரிச்சல் இல்லை, இந்த டெஸ்க்டாப் நம்பத்தகுந்ததில்லை என்ற எண்ணமே வந்துவிடும். அவர் எதையும் தவறாகச் செய்யவில்லை. உருட்டினார், அவ்வளவுதான். உருட்டுவது என்பது எதையும் மாற்றாத, பார்ப்பதற்கு மட்டுமான செயல் என்று வேறு எல்லா இடமும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, இந்த ஒரு இருபது முப்பது பிக்சல் உயரப் பட்டையில் மட்டும் அது கட்டளையாகிவிடுகிறது.

டச்பேடில் இன்னும் மோசம். மவுஸ் வீலுக்காவது ஒரு தடை தட்டும், விரலுக்குத் தெரியும். இரண்டு விரலை வைத்து இழுக்கும்போது பாயிண்டரை நகர்த்துவதும் உருட்டுவதும் ஒன்றோடொன்று கலந்துவிடும், விரலை எடுக்கும்போது ஒரு சின்ன அசைவு போதும். அப்புறம் நேச்சுரல் ஸ்க்ரோலிங் என்று திசையைத் தலைகீழாக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு விரலைக் கீழே இழுத்தால் விண்டோ மேலே சுருளும், மேலே தள்ளினால் கீழே விரியும். பக்கத்தை நகர்த்தும்போது அந்தத் தலைகீழ் சரியாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே நாம் தாளையே விரலால் நகர்த்துவதாக உணர்கிறோம். இங்கே அதே தலைகீழ் அபத்தமாக இருக்கிறது. வீல் நிகழ்வு எந்தத் திசையில் வந்தது என்பது மட்டும்தான் விண்டோ மேனேஜருக்குத் தெரியும், அதை மனிதன் எந்த எண்ணத்தில் அசைத்தான் என்பது தெரியாது.

அதோடு இந்த விண்டோ மேனேஜரில் வீலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். வெறும் டெஸ்க்டாப் மேல் உருட்டினால் ஒர்க்ஸ்பேஸ் மாறும். ஆல்ட் விசையோடு உருட்டினால், விண்டோக்களை ஒன்றுசேர்த்துத் திரையில் வரையும் பகுதியான காம்போசிட்டர் இயக்கத்தில் இருந்தால், திரை முழுவதும் பெரிதாகும். ஒரே வீல், பாயிண்டர் எங்கே இருக்கிறது, எந்த விசை அழுந்தியிருக்கிறது என்பதைப் பொறுத்து இத்தனை அவதாரம். இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல யோசனைதான். சேர்த்துவைத்துப் பார்த்தால் புதியவருக்கு அது கண்ணிவெடி வயல். இவற்றில் ஒன்றைக் குறைக்கச் சொன்னால் நான் தயங்காமல் சுருட்டுவதைத்தான் காட்டுவேன், ஏனென்றால் ஒர்க்ஸ்பேஸ் மாறினால் எல்லாமே மாறுவதால் ஏதோ வேறு இடத்துக்கு வந்துவிட்டோம் என்றாவது புரியும், விண்டோ சுருண்டால் அது கெட்டுப்போனது மாதிரி இருக்கும்.

இதோடு பட்டனை ஒப்பிடுங்கள். தவறி அழுத்தினாலும் விண்டோ சுருண்டதும் அந்தப் பட்டனின் படம் மாறுகிறது, பெரும்பாலான தீம்களில் அம்பு தலைகீழாகத் திரும்பிவிடும், பாயிண்டர் இன்னும் அதன் மேலேயே இருக்கிறது, மனித இயல்பு அதையே இன்னொரு தடவை அழுத்தச் சொல்லும், விண்டோ திரும்ப வந்துவிடும். இரண்டு அழுத்தில் ஒருவர் அந்த வசதியின் முழுப் பாடத்தையும் கற்றுக்கொண்டுவிட்டார். தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும் பட்டன் அது. வீலுக்கு அந்தக் குணம் கிடையாது, என்ன செய்ததால் இது நடந்தது என்பதற்கான தடயமே திரையில் இருக்காது. ஆக, ஒளிந்திருக்கிற வழியை எல்லாருக்கும் இயக்கி வைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற வழியை இடத்தை அடைக்கிறது என்று எடுத்துவிடுவது எனக்குத் தலைகீழாகப் படுகிறது. பட்டனை மட்டும் கழற்றிவிட்டு வீலைத் தொடாமல் தரும் அமைப்புகளில் இதுதான் நடக்கிறது: தவறுதலாகச் சுருட்டிவிட்ட ஒருவருக்கு விரிக்கும் பட்டன்கூடத் திரையில் இல்லை.

பட்டன் மேல் குறையே இல்லை என்று சொல்லவில்லை. மேல்நோக்கிய அம்பு என்றால் பெரிதாக்குவது என்று நினைப்பவர்கள் உண்டு, சில தீம்களில் இரண்டுக்கும் வரைந்திருக்கிற படம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மறைக்கும் பட்டனை ஒட்டியே இருப்பதால் ஒன்றுக்கு இன்னொன்றை அழுத்துவதும் நடக்கும். குறுகலான விண்டோவில் நான்கு பட்டன் இடத்தை எடுத்துக்கொண்டால் டைட்டில் எழுத்து வெட்டுப்படும், டைட்டிலைப் படிப்பதற்காகவே சுருட்டுகிற வசதிக்கு இது கொஞ்சம் வேடிக்கையான பக்கவிளைவு.

யாரும் பயன்படுத்துவதில்லை என்கிற வாதத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எக்ஸ்எஃப்சிஇ யார் எதை எத்தனை முறை அழுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் மென்பொருள் இல்லை. அந்த நற்குணத்துக்காகவே அதை விரும்புகிறவர்கள் பலர், நானும்தான். எண்ணாத இடத்தில் யாரும் தொடுவதில்லை என்று சொல்வது, சொல்பவரின் மேஜையில் யாரும் தொடுவதில்லை என்பதைத் தவிர வேறெதையும் காட்டாது. அப்படியே எண்ணியிருந்தாலும், டயலாக்கில் மாதத்துக்கு நாலு தடவை அழுத்துவது வரைபடத்தில் தெரியவே தெரியாது. அந்த நாலு தடவையும் வேறு வழி இல்லாத தடவைகள் என்பதும் வரைபடத்தில் தெரியாது.

நிரல் எழுதுகிறவர்களின் வாதம் இதைவிடக் கனமானது. விண்டோவுக்கு ஒரு நிலையைக் கூட்டினால் அது தனியாக வருவதில்லை, இருக்கிற ஒவ்வொரு நிலையோடும் கூட்டணி வைக்கும். சுருண்ட விண்டோவைப் பெரிதாக்கினால் என்ன ஆக வேண்டும், சுருண்டிருக்கும்போதே இன்னொரு மானிட்டரைச் செருகினால் அதன் உயரம் எது, ஓரத்தில் ஒட்டியிருந்த விண்டோவைச் சுருட்டி விரித்தால் ஒட்டியே விரிய வேண்டுமா, லாக்அவுட் செய்து திரும்ப வந்தால் சுருண்டபடியே வர வேண்டுமா. ஒவ்வொன்றுக்கும் யாரோ உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள், இனி வரும் ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும், அதுவும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது, இந்தச் சுமை எல்லாம் வசதியின் சுமை, பட்டனின் சுமை இல்லை. பட்டனை எடுத்துவிட்டு மெனுவில் வைத்திருந்தால் ஒரு வரி நிரல்கூடப் பெரிதாகக் குறையாது. சுமையைக் காரணம் காட்டிப் பட்டனை எடுக்கச் சொல்வது அதனால் சரியான கணக்கு இல்லை.

இந்த வசதி எக்ஸ்எஃப்சிஇ கண்டுபிடித்ததும் இல்லை. ஆப்பிள் 1994இல் வெளியிட்ட சிஸ்டம் 7.5 இதை விண்டோஷேட் என்ற பெயரில் சேர்த்துக்கொண்டது, டைட்டில் பாரில் அடுத்தடுத்துக் கிளிக் செய்தால் சுருளும், எத்தனை கிளிக் என்பதையும் கூடவே எந்த விசை என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். 1997இல் வந்த மேக் ஓஎஸ் 8 அதற்கென்றே டைட்டில் பாரில் ஒரு பெட்டியையும் கொடுத்தது. 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது டாக்கில் மினிமைஸ் செய்வது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது, சுருட்டுவது போய்விட்டது, அதைத் திரும்பக் கொண்டுவரும் துணைச் செயலியைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. லினக்ஸ் பக்கம் விண்டோ மேக்கர், எஃப்விடபிள்யூஎம், ஓபன்பாக்ஸ் என்று பழைய விண்டோ மேனேஜர்கள் பலவற்றிலும் இது இருக்கிறது. லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பு எக்ஸ்11, அதன் விண்டோ மேனேஜர்களின் பொது விதித்தொகுப்பான இடபிள்யூஎம்ஹெச்சில் சுருண்ட நிலைக்கு என்றே தனிப் பெயர் உண்டு.

இதில் பெரிய முரண் என்னவென்றால், யாரும் தீர்மானம் போட்டு எடுக்காமலே இந்தப் பட்டன் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கிறது. தங்கள் டைட்டில் பாரைத் தாங்களே வரைந்துகொள்ளும் செயலிகள் பெருகிவிட்டன. க்னோம் என்கிற இன்னொரு டெஸ்க்டாப்பின் செயலிகள் எல்லாம் ஹெட்டர் பார் என்று தடியாக ஒன்றை வைத்துக்கொண்டு அதிலேயே பட்டன்களையும் தேடல் பெட்டியையும் நுழைத்துவிடுகின்றன, பிரவுசர்கள் டேப்களை அங்கேயே வைக்கின்றன. அந்த விண்டோக்களுக்கு விண்டோ மேனேஜர் சட்டகம் எதையும் போடுவதில்லை. சட்டகமே இல்லாத விண்டோவை எதுவரைக்கும் சுருட்டுவது? எக்ஸ்எஃப்சிஇ-யின் விண்டோ மேனேஜர் சட்டகமில்லாததைச் சுருட்ட மறுத்துவிடுகிறது, அது சரியான நடத்தையும்கூட. 2020 டிசம்பரில் வந்த 4.16 பதிப்பில் எக்ஸ்எஃப்சிஇ-யின் சொந்த செட்டிங்ஸ் டயலாக்குகளே இந்தப் பாணிக்கு மாறியபோது கிளம்பிய முணுமுணுப்பில் தோற்றத்தைப் பற்றிய புலம்பல்தான் அதிகம். ஆனால் எனக்கு அதில் உறுத்தியது சுருட்ட முடியாமல் போனதுதான். டயலாக்குக்குத்தான் அந்த வசதி மிகவும் தேவை, அங்கேயேதான் முதலில் காணாமல் போகிறது.

எக்ஸ்11இன் இடத்தைப் பிடித்துவரும் புதிய அமைப்பான வேலேண்டில் கதை இன்னும் இறுக்கம். அங்கே சாதாரண விண்டோக்களுக்கான நெறிமுறையில் பெரிதாக்கிய நிலை, முழுத்திரை நிலை, ஓரத்தில் ஒட்டிய நிலை எல்லாம் இருக்கின்றன, சுருண்ட நிலை கிடையாது. டைட்டில் பாரைச் செயலியே வரைவதுதான் அங்கே அடிப்படை ஏற்பாடு, காம்போசிட்டர் (அங்கே விண்டோ மேனேஜரின் வேலையையும் அதுதான் செய்கிறது) வரைய வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு கூடுதல் நெறிமுறை வழியாகப் பேசிக்கொள்ள வேண்டும். முடியாது என்று அர்த்தமில்லை: ஓபன்பாக்ஸின் வழியில் எழுதப்பட்ட லேப்டபிள்யூசி என்ற காம்போசிட்டர், தான் டைட்டில் பார் வரைந்த விண்டோக்களைச் சுருட்டத்தான் செய்கிறது. 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20 வேலேண்டைச் சோதனை அளவில் ஆதரித்தபோது, அதன் பழைய விண்டோ மேனேஜர் எக்ஸ்11இலேயே நின்றுவிட, அந்த இடத்தில் லேப்டபிள்யூசியோ வேஃபயர் என்ற இன்னொரு காம்போசிட்டரோதான் உட்கார்ந்தது. பாதி விண்டோ சுருளும், பாதி சுருளாது என்ற நிலைதான் இனி நெடுநாளைக்கு இருக்கும் போலிருக்கிறது. சில விண்டோவில் இருந்து சிலவற்றில் இல்லாத பட்டன், எல்லாவற்றிலும் இல்லாத பட்டனைவிட மோசம் என்று ஒருவர் சொன்னால் அதை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை, பட்டனை எடுக்கச் சொல்பவர்களின் கையில் இருக்கிற ஒரே நல்ல சீட்டு அதுதான்.

ஆனாலும் அந்தச் சீட்டுக்கு ஒரு பதில் இருக்கிறது. இப்போது பட்டன் வரிசை என்பது எல்லா விண்டோக்களுக்கும் ஒரே அமைப்பு, டயலாக்குக்குத் தனி வரிசை வைக்க வழி இல்லை. மறைக்க முடியாத விண்டோவுக்கு மறைக்கும் பட்டனைப் போடாமல் விடத் தெரிந்த அதே நிரலுக்கு, மறைக்கும் பட்டன் இல்லாத இடத்தில் மட்டும் சுருட்டும் பட்டனைப் போடு என்று சொல்வது மலையைப் புரட்டும் வேலையாக எனக்குத் தெரியவில்லை. அப்படிச் செய்தால் சாதாரண விண்டோக்களில் எல்லாருக்கும் பழகிய மூன்று பட்டன், டயலாக்குகளில் மூடு, சுருட்டு என்று இரண்டு. தவறி அழுத்துகிற குழப்பம் போய்விடும், டைட்டிலுக்கு இடம் கிடைக்கும், வேறு வழியில்லாத இடத்தில் வழி இருக்கும். சாதாரண விண்டோவையும் சுருட்ட விரும்புகிறவர்களுக்கு டைட்டில் பார் மெனு எப்போதும் இருக்கிறது. வீல் வசதியையும் அழிக்கச் சொல்லவில்லை, அணைத்து வைத்துத் தாருங்கள், வேண்டுகிறவர் இயக்கிக்கொள்வார்.

அதுவரை கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்றால், செட்டிங்ஸில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் அக்சஸிபிலிட்டி என்கிற பகுதிக்குள் டைட்டில் பாரில் வீலால் சுருட்டும் தேர்வு ஒளிந்திருக்கிறது. அக்சஸிபிலிட்டியில் இதைத் தேடவேண்டும் என்று யாருக்குத் தோன்றும் என்று கேட்காதீர்கள். முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், முக்கியமாக வேறு யாருக்காவது கணினியை அமைத்துக்கொடுப்பதாக இருந்தால். பட்டன் வரிசை வேறு இடத்தில் இருக்கிறது, விண்டோ மேனேஜர் என்கிற செட்டிங்கில் ஸ்டைல் பகுதியில், அங்கே பட்டன்களை இழுத்து மறைவுப் பெட்டியில் போடலாம், அங்கிருந்து திரும்ப எடுக்கலாம், வரிசையையும் மாற்றலாம். ஷேட் பட்டன் மறைக்கும் பட்டனை ஒட்டி இருப்பது தொல்லை என்றால் அதை இடது ஓரத்துக்கு மெனு பட்டன் பக்கம் இழுத்துவிடுங்கள், தவறி அழுத்துவது கிட்டத்தட்ட நின்றுவிடும். டைட்டில் பாரில் இரட்டைக் கிளிக் செய்தால் பெரிதாவதற்குப் பதில் சுருள வேண்டும் என்றால் அது அட்வான்ஸ்டு பகுதியில். கீபோர்டு பகுதியில் ஒரு விசைச் சேர்க்கையையும் கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் பாயிண்டர் இருக்கிற இடத்திலேயே வேலை முடிவதுதான் இந்த வசதியின் லாபம் என்பதால் எனக்கு விசை அவ்வளவாக ஒட்டவில்லை. டயலாக்குக்கு மட்டும் தனியாக வைக்க முடியாத வரைக்கும் நான் எல்லா விண்டோவிலும் பட்டனை இடது ஓரத்தில் வைத்துக்கொண்டு, வீலை அணைத்து வைத்திருக்கிறேன்.